மாமா எழுதிய தக்காளிகள்

ஜனவரி 9

என் அருமை வாயாடிக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. நானும் உன் அத்தையும் இங்கே உருக்குக் கம்பி மாதிரி இருக்கிறோம். அத்தைக்கு முழங்கால் வலி, ஆனால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நீயும் மாப்பிள்ளையும் உடம்பைக் கவனித்துக்கொள்கிறீர்களா? போன் போட்டால் நீ எடுப்பதில்லை, மணி அடித்து அடித்து ஓய்ந்துவிடுகிறது. போனை அணைத்துப் போடலாம், தபால்காரரை அணைக்க முடியுமா? அதனால்தான் பேனாவைத் தூக்கிவிட்டேன்.

நடந்ததைப் பற்றி நான் ஒரு வார்த்தை எழுதப்போவதில்லை. உன் அம்மாவின் உத்தரவு. "நல்லதை மட்டும் எழுது, குழந்தைப் பேச்சே வரக்கூடாது, அவ மனசைக் கிளறினே, தொலைச்சுடுவேன்" என்று சொல்லிவிட்டாள். எனக்கு அறுபத்திமூன்று வயது ஆனாலும் அக்கா அக்காதான்.

ஆகவே நல்ல விஷயம். நான் தோட்டம் போட்டிருக்கிறேன்! தக்காளி! முப்பது வருஷம் பட்டறையில் லேத்தில் இரும்பைக் கடைந்த கை இது, மண்ணைத் தொட்டதும் மண்ணே பயந்துபோய்க் காய்க்கிறது. ஒவ்வொரு பழமும் டீக்கடைக் கெட்டில் அளவு. அத்தை இரண்டு கையாலும் தூக்குகிறாள். நேற்று ஒன்று செடியிலிருந்து விழுந்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் திடுக்கிட்டு எழுந்து, "என்ன சார், சுவர் இடிஞ்சுதா?" என்று கேட்டார்.

அந்த வம்சத்து விதையை இத்துடன் பொட்டலமாக மடித்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பின்னால் துணி காயப்போடும் இடம் சும்மாதானே கிடக்கிறது? போடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

உன் மாமன்

&nbsp;

ஜனவரி 28

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் இருக்கிறோம். உங்கள் உடம்பையும் அத்தையின் முழங்காலையும் விசாரிக்கிறேன்.

விதைப் பொட்டலம் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. அவர் பஸ் ஓட்டப் போய்விட்டார். இப்போது இரண்டு ஷிஃப்ட்டும் அவரே கேட்டு வாங்கிக்கொள்கிறார். நான் காலையில் எழுந்து பாத்திரம் கழுவுகிறேன், பிறகு படுத்துக்கொள்கிறேன். பல் டாக்டர் கிளினிக்கில் என் மேசைக்கு வேறு ஒரு பெண்ணை உட்கார வைத்திருக்கிறார்களாம். எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். குழந்தை உயிரோடு இருந்த அந்தச் சில நாட்களும் நான் ஜுரத்தில் நினைவில்லாமல் கிடந்தேன். பிறந்ததும் ஒரு தடவை கொண்டுவந்து காட்டினார்கள் என்கிறார்கள். எனக்கு அது ஞாபகத்தில் இல்லை. போட்டோவும் இல்லை, உடம்பு தேறட்டும், எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் இருந்துவிட்டார். இப்போது அவரிடம் கேட்டால், "வேண்டாம், விடு" என்று எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறார். அம்மா வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நம் வீட்டில் நீங்கள் ஒருவர்தான் உள்ளே போய் அவளைப் பார்த்தவர். வெளியே வந்து என் கட்டில் பக்கத்தில் நின்று, "கொழுகொழுன்னு இருக்கா" என்று சொன்னீர்கள். அந்தக் குரல் மட்டும் எங்கோ காதில் இருக்கிறது.

எப்படி இருந்தாள், மாமா?

இப்படிக்கு
நான்

&nbsp;

பிப்ரவரி 6

வாயாடிக்கு,

மாமன். இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தை ஒரே வரியில் முடித்துவிட்டாயே, ஒரு காலத்தில் உன் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைக்க நாலு பேர் வேண்டும். வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நீ கேட்டிருந்தாய். எழுதுகிறேன், எழுதாமல் எங்கே போய்விடுவேன்? அதற்கு முன்னால் விதை. ஜன்னலில் வைத்தால் அது வேடிக்கைதான் பார்க்கும். ஒரு பழைய டப்பாவை எடு, அடியில் ஆணியால் ஓட்டை போடு. மண்ணை ரவை மாதிரி சலித்துப் போடு. விதையை விரல் நகம் மறையும் ஆழத்துக்கு அழுத்து, அதற்கு மேல் போனால் அது வெளியே வர வழி தெரியாமல் முழிக்கும். தண்ணீரைக் கொட்டாதே, தெளி.

இங்கே என்ன நடந்தது தெரியுமா? என் செடி ஒன்று காய்ப் பாரம் தாங்காமல் மூங்கில் கழியையே முறித்துவிட்டது. விடுவேனா? பட்டறைக்குப் போய் ஒன்றரை அங்குலக் குழாயை லேத்தில் மாட்டி, நுனிக்கு மரை வெட்டி, மூடி போட்டு, கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணிக் கொண்டுவந்து நட்டேன். முதலாளி பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இது தக்காளிக்கா, கொடியேத்தவா?" என்றார். அந்தச் செய்தி பரவி, விவசாய ஆபீஸிலிருந்து ஜீப்பில் ஒரு அதிகாரி வந்து இறங்கினார். "நீங்க எங்க ஆளுங்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஐந்தாவது வரைதான் படித்தவன் என்றேன். "தக்காளி என்ன சார் சர்டிபிகேட்டா கேக்குது?" என்றார். நியாயம்தானே?

காகிதம் தீர்ந்துவிட்டது. இடமில்லாததால் இத்துடன் நிறுத்துகிறேன்.

உன் மாமன்

&nbsp;

மார்ச் 12

மாமாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாங்களும் அப்படியே.

விதையை நான் போடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போட்டார். உங்கள் கடிதத்தை ஜன்னல் கம்பியில் செருகி வைத்து, பார்த்துப் பார்த்துச் செய்தார். டப்பா என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் டப்பா ஒன்றுதான் இருந்தது, பிரிக்காமலே காலாவதியான பால்பவுடர் டப்பா. அவர் அதைக் கொட்டிவிட்டு ஓட்டை போட்டார். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன்.

ஐந்து முளைத்து, மூன்று நிற்கின்றன. தண்ணீர் தெளிக்கிறேன். அவர் சொல்லிவிட்டுப் போகிறார், நான் தெளிக்கிறேன்.

அம்மா தினமும் அவருக்குப் போன் செய்து, "அழுதாளா?" என்று கேட்கிறாள். அவர், "இல்லை" என்கிறார். அங்கே மழை பெய்ததா, இல்லை என்பது மாதிரி. எனக்கு அழ வரவில்லை, மாமா. எதை நினைத்து அழுவது என்று தெரியவில்லை. ஒரு முகம் இருந்தால் நினைக்கலாம்.

காகிதம் தீர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கக் காலியாக இருந்தது.

நான்

&nbsp;

மார்ச் 20

என் வாயாடிக்கு,

உன் மாமன் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கிறேன். உன் அத்தை முழங்காலுக்குக் கரண்ட் வைக்க ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறாள். வரும்போது கால் சரியாகிவிடுகிறது, வீட்டு வேலையைப் பார்த்ததும் மறுபடி வலிக்கிறது. உனக்குத் தூக்கம் எப்படி?

பின்பக்கத்தை நான் கவனிக்கவில்லை. மூக்குக்கண்ணாடி பழசாகிவிட்டது.

சரி, எப்படி இருந்தாள் என்றால், ராஜகுமாரி மாதிரி இருந்தாள். போதுமா? இதை எழுதினேன் என்று உன் அம்மாவுக்குத் தெரிந்தால் என் தோலை உரித்துக் காயப்போட்டுவிடுவாள். நீயும் காட்டிக்கொடுக்காதே.

இப்போது அதைவிட முக்கியமான விஷயம், நாற்றைப் பிடுங்கித் தரையில் வைக்கும் வேலை. செடிக்கு நாலு இலை வந்ததும் மாற்று. தண்டைக் கழுத்துவரை புதை, பயப்படாதே, புதைத்த தண்டிலும் வேர் விடும். நான் கண்டுபிடித்த ரகசியம் ஒன்று உண்டு, வெளியில் சொல்லாதே. லேத்தில் இரும்பைக் கடையும்போது சுருள் சுருளாக விழுமே, அந்தத் தூளை அள்ளி வேருக்கடியில் போட்டேன். மனுஷனுக்கு ரத்தம் சிவப்பாக இருக்க இரும்புச் சத்து கொடுக்கிறார்கள் இல்லையா? அதே விஞ்ஞானம்தான். இப்போது என் பழம் இருக்கிற சிவப்பில், தெருவில் வருகிற வண்டிகள் சிக்னல் என்று நினைத்து நின்றுவிடுகின்றன. மாப்பிள்ளை பஸ்ஸை இந்தப் பக்கம் ஓட்டிவந்தால் அவரும் பிரேக் போடுவார்.

உனக்கும் ஒரு பொட்டலம் தூள் அனுப்பலாம் என்றேன். தபாலாபீஸ் பெண் கனத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சார், தங்கமா?" என்றாள். திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

அன்புடன்
மாமன்

&nbsp;

ஏப்ரல் 14

மாமாவுக்கு,

உங்களுக்கும் அத்தைக்கும் விசாரிப்புகள். எனக்கு ஜுரம், வலி எதுவும் இல்லை.

ராஜகுமாரி மாதிரி என்று எழுதியிருந்தீர்கள். கண்ணை மூடிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ராஜகுமாரியை நான் பார்த்ததில்லை.

மூன்று நாற்றையும் தரைக்கு மாற்றினோம். ஒன்றைப் பூனை புரட்டிப் போட்டுவிட்டது. இன்னொன்று அப்படியே நிற்கிறது, வளரவும் இல்லை, சாகவும் இல்லை. மூன்றாவது என் இடுப்புக்கு வந்துவிட்டது. இன்று காலை அதில் பூ இருந்தது. மஞ்சள், தலையைக் கீழே தொங்கப்போட்டுக்கொண்டு, சின்னதாக ஒன்றே ஒன்று. பூக்கும் என்று நீங்கள் எழுதவில்லை. காய்தான் வரும் என்று இருந்தேன்.

துணி காயப்போடும் இடத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். வெயில் சுவர்ப்பக்கம் போகும்வரை இருந்திருக்கிறேன் போலிருக்கிறது. அவர் வந்து, "வெளியிலயா இருந்தே?" என்றார். ஆமாம் என்றேன். அவர் சட்டையைக் கூட மாற்றாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

இந்தப் பூவை என்ன செய்ய வேண்டும்? எழுதுங்கள்.

வாயாடி

&nbsp;

ஏப்ரல் 21

அடி என் வாயாடி!

மாமன் எழுதுவது. சுகம், சுகம், ஆயிரம் சுகம்! கடிதத்தின் அடியில் வாயாடி என்று கையெழுத்துப் போட்டாயே, அதைத் தபால்காரருக்கே காட்டினேன். உன் அத்தை கரண்ட் வைக்கப் போயிருக்கிறாள், அவள் வரும்வரை பொறுக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். இன்றைய தபாலிலேயே போட வேண்டும்.

பூவை என்ன செய்வது என்று சரியான ஆளைத்தான் கேட்டாய். கிள்ளிப் போட்டுவிடு! ஆமாம், யோசிக்காதே. முதல் பூவை வைத்துக்கொள்ளக் கூடாது. அது எப்போதும் பலமில்லாதது, பாதிக்கு மேல் நிற்காது, உதிர்ந்துதான் போகும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் செடியின் தெம்பெல்லாம் அதிலேயே வீணாகும். நகத்தால் ஒரு கிள்ளு, அவ்வளவுதான். நாலு நாளில் செடிக்கு அது ஞாபகமே இருக்காது. அடுத்து வரும் பார், அதுதான் நிற்கிற பூ, அதுதான் காய். நான் இந்த வருஷம் மட்டும் ஒரு கூடை முதல் பூ கிள்ளிப் போட்டிருக்கிறேன், ஒரு செடியாவது ஏன் என்று கேட்டதா?

விவசாய ஆபீஸ் அதிகாரி இதைக் கேட்டுவிட்டு டைரியில் எழுதிக்கொண்டு போனார். மாப்பிள்ளையிடம் சொல், அடுத்த மாதம் அவர் பஸ்ஸில் பயணிகளை இறக்கிவிட்டுத் தக்காளிதான் ஏற்ற வேண்டியிருக்கும்.

உற்சாகத்துடன்
உன் மாமன்

&nbsp;

மே 16

வாயாடிக்கு,

மாமன். இங்கே நாங்கள் நலம். உங்கள் நலம் தெரியவில்லை.

கடிதம் வரக் காணோம். தபால்காரரைக் கேட்டேன், கட்டு முழுக்கப் பிரித்துக் காட்டிவிட்டார். காய் பறிக்கிற வேலையில் உனக்கு நேரமில்லை என்று நான் அத்தையிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கேயும் அப்படித்தான். நேற்று பறித்ததை எடைபோடத் தராசு போதாமல், பட்டறையில் இரும்பு நிறுக்கும் தராசைக் கேட்டு வாங்கினேன்.

மாப்பிள்ளையை போனில் பிடித்தேன். "இருக்கா மாமா" என்றார். "தக்காளி?" என்றேன். "இப்ப வெளிய வர்றதில்ல" என்றார். பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது, வைத்துவிட்டார்.

உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

உன் மாமன்

&nbsp;

ஜூன் 4

கண்ணு,

அத்தை எழுதுகிறேன். என் கால் பரவாயில்லை. உன்னைப் பற்றி மாப்பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அதனால் சும்மா நலமா என்று கேட்டு உன்னை நலம் என்று எழுத வைக்க மாட்டேன்.

உங்க மாமா எந்தக் கடிதத்தையும் எனக்குப் படித்துக் காட்டாமல் தபாலில் போட மாட்டார். பாராட்டு வேண்டுமே. ஏப்ரலில் எழுதினதை மட்டும் நான் வீட்டில் இல்லாத நேரத்தில் எழுதிப் போட்டுவிட்டார். நீ பதில் போடவில்லை என்றதும், "அப்படி என்னதான் எழுதினீங்க?" என்று கேட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பேச்சுப் போட்டி மாதிரி ஒப்பித்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று மட்டும் சொன்னேன். திரும்ப ஆரம்பித்தார். "முதல் பூவை வைத்துக்கொள்ளக் கூடாது, அது எப்போதும்" என்ற இடத்தில் நின்றுவிட்டார். அப்புறம் எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.

அன்றிலிருந்து மனுஷன் பேசுவதில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுகிறார். டீக்கடைக்காரர்கள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து, "அண்ணனுக்கு உடம்பு முடியலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்கும் என்னவோ போல இருக்கிறது. இந்த ஆள் புளுகாத வீட்டில் நான் இருந்து பழக்கமில்லை.

தக்காளிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் அவர் உனக்கு எழுதியபோது இங்கே ஒரு புல் கூடக் கிடையாது. அதெல்லாம் காகிதத்தில் காய்த்த தக்காளி. விதை கடையில் வாங்கினது. நீ, "எப்படி இருந்தாள்" என்று கேட்டு எழுதினாயே, அதைப் படித்த அன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர், நாலு நாற்றோடு திரும்பி வந்தார். துணி துவைக்கிற இடத்தில் நட்டார். உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், எழுதுவதற்கு ஒன்று வேண்டும் என்று நட்ட செடிகள் அவை. இரும்புத்தூள் போட்டதில் இரண்டு கருகிவிட்டது. பாலிஷ் போட்ட குழாய் மட்டும் ஜம்மென்று நிற்கிறது. அதிகாரியும் வரவில்லை, ஜீப்பும் வரவில்லை.

உன் அம்மா வாயை மூடு என்றாள், எல்லாரும் மூடிக்கொண்டோம். அவளும் மகளுக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னாள். ஆனால் சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று ஆளாளுக்கு மூடி வைத்ததில், ஊமைக் காயத்துக்கு மேலே மருந்து பூசின மாதிரி ஆகிவிட்டது. நான் அந்தக் குழந்தையைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்றைக்கோ எழுதியிருப்பேன். பார்த்தவர் அவர். நீ மறுபடி கேள். அவர் உன் கோபத்தைத் தாங்குவார், நீ கேட்காமல் இருப்பதைத் தாங்க மாட்டார்.

அத்தை

&nbsp;

ஜூன் 20

மாமாவுக்கு,

அத்தையின் கடிதம் கிடைத்தது. நீங்கள் சாப்பிட வேண்டும். நானும் சாப்பிடுகிறேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்கள் எழுதினதைப் படித்தேன், வெளியே போனேன், கிள்ளிவிட்டேன். செடிக்கு நல்லது என்று எழுதியிருந்தீர்கள், செய்தேன். எதுவும் தோன்றவில்லை. பூவைக் கல்லின் மேல் வைத்துவிட்டு உள்ளே வந்து படுத்தேன். விரலில் தக்காளிச் செடி வாசனை ஒட்டிக்கொண்டிருந்தது, பச்சையாக, கொஞ்சம் கசப்பாக. சோப்புப் போட்டும் போகவில்லை. சாப்பிடக் கையை வாயருகே கொண்டுபோனால் அது வந்தது. அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. அவர்தான் தண்ணீர் விட்டார்.

அத்தையின் கடிதம் வந்த அன்று போய்ப் பார்த்தேன். ஆறேழு காய் இருக்கிறது. பச்சை. பெரிதாக ஒன்றும் இல்லை, உங்கள் கெட்டில் அளவு இல்லை, கோலிக்குண்டுதான். பரவாயில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இப்போது மனமில்லை.

மாமா, எனக்கு ஒரு பெண் பிறந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. வீட்டில் எல்லாரும் அவள் வராத மாதிரி இருக்கிறார்கள். அவர் தூக்கத்தில் ஒரு தடவை, "மூடாதீங்க" என்று சொன்னார். எதை என்று நான் கேட்கவில்லை.

நீங்கள் எதையும் அழகாகச் சொல்வீர்கள். சின்ன வயதில் நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் நான் நம்பினேன். இது அழகாக வேண்டாம். நீங்கள் பார்த்தது என்னவோ, அது மட்டும். மெலிந்திருந்தால் மெலிந்திருந்தாள் என்று எழுதுங்கள். தக்காளி பற்றி எழுத வேண்டாம்.

எப்படி இருந்தாள்?

வாயாடி

&nbsp;

ஜூலை 2

அம்மா வாயாடி,

மாமன் எழுதுகிறேன். உடம்பு இருக்கிறது. அத்தை கடைக்குப் போயிருக்கிறாள். இதை யாருக்கும் படித்துக் காட்டப்போவதில்லை.

நாலைந்து தடவை எழுதிக் கிழித்தேன். முதலில் எழுதியதில் அவள் சிரித்தாள். அடுத்ததில் என் மீசையைப் பிடித்து இழுத்தாள். எழுதும்போது எனக்கே நன்றாக இருந்தது, நிஜமாகவே அப்படி நடந்த மாதிரி இருந்தது. அதனால்தான் கிழித்தேன்.

கொழுகொழுவென்று இல்லை. மெலிந்திருந்தாள்.

உள்ளே விடுமுன் நர்ஸ் என்னைக் கை கழுவச் சொன்னாள். கழுவிக் காட்டினேன், நகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கழுவச் சொன்னாள். முப்பது வருஷ மிஷின் எண்ணெய், அது போகிற ஜாதியில்லை. பிரஷ் கொடுத்தாள், தேய்த்தேன். அப்புறம் அவளே, "சரி, வாங்க" என்று விட்டுவிட்டாள்.

கண்ணாடிப் பெட்டியில் படுத்திருந்தாள். என் முழங்கையிலிருந்து விரல் முனைவரை வைத்தால், முனைக்குக் கொஞ்சம் முன்னாலேயே முடிந்திருப்பாள். வைத்துப் பார்க்கவில்லை, கண்ணால் அளந்தேன். என் வாய் எப்படியோ, நீளத்தில் என் கண் தப்பாது. நிறம் இன்னும் தெளியவில்லை, கொஞ்சம் மஞ்சளாக இருந்தாள். தலை நிறைய முடி. கறுப்பு, ஈரமாக இருக்கிற மாதிரி நெற்றியில் ஒட்டியிருந்தது. புருவம் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை, அவ்வளவு லேசு. இடது காதின் மேல்விளிம்பு உள்ளே மடிந்திருந்தது. படுத்ததில் மடிந்ததா, அமைப்பே அப்படியா, எனக்குத் தெரியாது. மூக்கு மாப்பிள்ளையுடையது. அதில் சந்தேகமே வேண்டாம், சின்னதாகச் செய்து அப்படியே வைத்திருந்தது. வாயில் குழாய் வைத்துப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். அதனால் வாயைப் பார்க்கவில்லை. வாயைப் பற்றி ஒன்றும் எழுத மாட்டேன்.

கால் விரல்கள் விரிந்து விரிந்து மூடின. மூச்சு விடும்போது வயிறு மட்டும் ஏறி இறங்கியது. ஒரு தடவை தும்மினாள். அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து எவ்வளவு பெரிய தும்மல் என்று எழுதக் கை வந்தது. சின்னத் தும்மல்தான்.

பெட்டியில் கை விட ஒரு வட்டக் கதவு உண்டு. நர்ஸ், "ஒரு விரல் மட்டும்" என்றாள். வலது கை ஆள்காட்டி விரலை அவள் உள்ளங்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். பிடித்துக்கொண்டாள் என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? பிடிக்கவில்லை. என் விரல் மேல் அவள் விரல்கள் கிடந்தன. சூடாக இருந்தது. அவ்வளவுதான்.

நர்ஸ் நேரமாகிவிட்டது என்றாள். நான் குனிந்து, "தாத்தா வந்திருக்கேன்" என்று சொன்னேன். கண்ணாடிக்குள் கேட்டதோ இல்லையோ. அப்போது கண்ணைத் திறந்தாள். கறுப்புமில்லை, சாம்பலுமில்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறம். இந்த வயதில் எதிரில் இருப்பது எதுவும் தெரியாது, வெளிச்சத்துக்குத்தான் திறப்பார்கள் என்று நர்ஸ் சொன்னாள். வெளியே வந்து டாக்டரைக் கேட்டேன், அவரும் அதையே சொன்னார். படித்தவர்கள். மேலே எழுதியதில் எதை வேண்டுமானாலும் நீ குறைத்துக்கொள், கோபப்பட மாட்டேன். ஆனால் என்னைப் பார்த்தாள். இதை மட்டும் எந்த டாக்டர் வந்து சொன்னாலும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உனக்கு மாமன்,
அவளுக்குத் தாத்தா